ஆல்டாவா, ஸ்னோபேர்டா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டி விமான நிலையத்திலிருந்து கிளம்பினால், சாலை ஒழுங்காக இருக்கும் நாளில் ஒரு மணி நேரத்துக்குள் லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கின் தலைப்பகுதிக்குப் போய்ச் சேரலாம். செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே ஏறும் அந்த ஒற்றைச் சாலையில் முதலில் வருவது ஸ்னோபேர்டு. அதைத் தாண்டி ஓரிரு மைல் போனால், சாலை முடிகிற இடத்தில் ஆல்டா. பனிச்சறுக்கு உலகத்தில் இரண்டுமே பெரிய பெயர்கள். குளிர்கால விடுமுறைக்குத் திட்டம் போடுகிறவர்கள் ஆண்டுதோறும் இந்த இரண்டில் எது என்ற கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள். டெக்சாஸிலோ கலிஃபோர்னியாவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் டிசம்பர் விடுமுறையில் ஊரிலிருந்து வந்த பெற்றோரையும் கூட்டிக்கொண்டு பனிமலைக்குக் கிளம்புவது இன்று நம் வீடுகளிலும் நடக்கிற காரியம் என்பதால், இது நமக்குத் தொடர்பில்லாத கேள்வியும் இல்லை. விடை தேடுகிறவர்கள் வழக்கமாக எண்களைத்தான் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். பரப்பளவு ஆல்டாவுக்கு 2,614 ஏக்கர், ஸ்னோபேர்டுக்கு 2,500 ஏக்கர். ஆண்டுப் பனிப்பொழிவு ஆல்டாவில் சராசரியாக 540 அங்குலம், ஸ்னோபேர்டில் 500. எண்களை வைத்து முடிவெடுப்பது தவறு என்பதே என் வாதம். மலையை மலையோடு ஒப்பிடுவதை நிறுத்திவிட்டு, உங்களோடு வருகிறவர்களில் பனிச்சறுக்கு மிகக் குறைவாகத் தெரிந்தவர் யார் என்று பாருங்கள். அவருக்கு எந்த மலை ஒத்துவருமோ அங்கே அறை எடுங்கள். அப்படிப் பார்த்தால், பெரும்பாலான குடும்பங்களுக்கு விடை ஆல்டா.

முதலில் பனியைப் பேசிவிடலாம், ஏனென்றால் எல்லோரும் இங்கே வருவதே அதற்காகத்தான். பசிபிக்கிலிருந்து வரும் புயல்கள் வாசாட்ச் மலைத்தொடரில் மோதி மேலேறிக் குளிர்ந்து, இந்தப் பள்ளத்தாக்கின் மேல்முனையில்தான் தாராளமாகக் கொட்டுகின்றன. பக்கத்திலிருக்கும் பெரிய உப்பு ஏரியின் ஈரம்தான் காரணம் என்று அந்த ஊரில் பலர் நம்புகிறார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தின் வளிமண்டல அறிவியலாளர் ஜிம் ஸ்டீன்பர்க் ஏரியின் பங்கு சிறியதுதான் என்று விளக்கியிருக்கிறார். மலையின் உயரமும் அது நிற்கும் வாகும்தான் பெரிய காரணங்கள். இந்தப் பனி உலகிலேயே மிக வறண்டது என்ற பெருமையையும் அவர் ஏற்கவில்லை. கொலராடோவில் இதைவிட லேசான பனி விழும் இடங்கள் உண்டு. இங்கே உள்ள சிறப்பு வேறு. புயல் தொடங்கும்போது சற்று வெப்பமாக இருப்பதால் கனமான பனி முதலில் விழுகிறது. புயல் முடியும் தறுவாயில் குளிர் கூடி, பஞ்சு போன்ற பனி அதன்மேல் படிகிறது. கீழே கனம், மேலே லேசு என்ற இந்த அடுக்குதான் ஸ்கீயை அமிழவிடாமல் மிதக்கவிடுகிறது. இந்தப் புயல் இரண்டு ரிசார்ட்டுகளுக்கும் பொது. 2022-23 பருவத்தில் ஆல்டாவில் 903 அங்குலம் பனி விழுந்து சாதனை படைத்தது. அதாவது 75 அடி. அதே பருவத்தில் ஸ்னோபேர்டில் 838 அங்குலம். இந்த வித்தியாசத்தைக் காலால் உணரக்கூடிய மனிதர் யாரும் இல்லை. எனவே பனியைக் காரணம் காட்டி ஒன்றைத் தள்ளி மற்றொன்றைத் தேர்ந்தெடுக்க வழியில்லை.

வித்தியாசம் மனிதர்கள் எடுத்த முடிவுகளில் இருக்கிறது. ஆல்டா 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளிச் சுரங்க ஊர். வெள்ளி விலை விழுந்து ஊர் காலியான பிறகு, 1930களில் அமெரிக்க வனத்துறை இந்த இடத்தைப் பனிச்சறுக்குக்குப் பயன்படுத்தலாமா என்று பார்க்க நார்வேயில் பிறந்த வீரர் ஆல்ஃப் எங்கனை அனுப்பியது. சுரங்கத்தில் கனிமம் சுமந்த கம்பிவடப் பாதையின் பாகங்களைக் கொண்டு கட்டிய காலின்ஸ் நாற்காலி லிஃப்ட் 1939 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. அமெரிக்காவின் மிகப் பழைய பனிச்சறுக்கு மையங்களில் ஒன்று இப்படித்தான் பிறந்தது. (நவீன அமெரிக்கக் கவிதையை வளர்த்த நியூ டைரக்ஷன்ஸ் பதிப்பகத்தை நிறுவிய ஜேம்ஸ் லாஃப்லின்தான் தொடக்க காலத்தில் ஆல்டா லாட்ஜையும் லிஃப்டையும் தூக்கி நிறுத்தியவர்களில் ஒருவர் என்பது புத்தகப் பிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.) அங்கே இன்றும் நட்சத்திர ஓட்டல் சங்கிலிகள் கிடையாது, தனித்தனி ஆட்கள் நடத்தும் சில லாட்ஜுகள்தான். ஸ்னோபேர்டின் கதை வேறு. ஆல்டாவில் வேலை பார்த்த டெட் ஜான்சன் என்பவர் கீழ்ப்பக்கத்து மலையைக் கண்டு ஆசைப்பட்டு, பழைய சுரங்க உரிமைகளை வாங்கிச் சேர்த்தார். டெக்சாஸ் எண்ணெய்க் குடும்பத்தைச் சேர்ந்த டிக் பாஸ் பணம் போட்டார். பின்னாளில், 1985-ல், ஏழு கண்டங்களின் உச்சிகளையும் தொட்ட முதல் மனிதர் என்று பெயர் வாங்கியவர் இந்த டிக் பாஸ்தான். 1971 டிசம்பரில் ஸ்னோபேர்டு திறந்தபோது அதன் மையமே ஒரு பெரிய டிராம்தான். மலையடிவாரத்தில் கான்கிரீட் கட்டடங்கள், அங்கிருந்து நேராக உச்சிக்கு ஒரே வீச்சில் கம்பிவடம். ஆல்டா கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த ஊர்; ஸ்னோபேர்டு ஒருவரின் கனவை வரைபடமாக்கி ஒரேயடியாகக் கட்டியது. இந்தப் பிறப்பு வேறுபாடு இன்றைய பயணியின் அன்றாடத்தில் எப்படி வெளிப்படுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்னோபேர்டு டிராமின் ஒவ்வொரு பெட்டியும் சுமார் 125 பேரை ஏற்றும். கனத்த பூட்ஸ் போட்ட கால்களை நகர்த்த இடமில்லாமல், ஸ்கீகளை நிமிர்த்திப் பிடித்தபடி எல்லோரும் நிற்பார்கள். தூண்களைக் கடக்கும்போது பெட்டி ஒரு குலுங்கு குலுங்கும். புதியவர்கள் கம்பியைப் பிடிப்பார்கள். பத்து நிமிடத்துக்குள் 2,900 அடி ஏறி, 11,000 அடி உயரத்தில் இருக்கும் ஹிடன் பீக்கில் கதவு திறக்கும். உடம்பே சிலிர்க்கிற அனுபவம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கிருந்து இறங்குவது எப்படி? அமெரிக்காவில் சறுக்குத் தடங்களுக்கு மூன்று நிறம்: பச்சை புதியவருக்கு, நீலம் நடுத்தரத்துக்கு, கறுப்பு தேர்ந்தவருக்கு. ஹிடன் பீக்கிலிருந்து இறங்கும் தடங்களில் பச்சை ஒன்றுகூடக் கிடையாது. இருப்பதிலேயே எளிதான சிப்ஸ் ரன் நீலம். இரண்டரை மைல் நீளம். இப்போதுதான் நிற்கவும் திரும்பவும் கற்றுக்கொண்ட ஒருவருக்கு அது பாதியிலேயே தொடை நடுங்கும் நீளம். புதியவருக்கென்று ஸ்னோபேர்டில் கீழே சில எளிய சரிவுகள் உண்டு, நல்ல பயிற்சியாளர்களும் உண்டு. குறை என்னவென்றால், அந்த ரிசார்ட்டின் முழுப் பெருமையும் உச்சியில் இருக்கிறது, புதியவரோ அடிவாரத்தின் ஓரத்தில் இருக்கிறார். கூட வந்தவர்கள் டிராமில் ஏறிப் போய்விட்டால், மதியச் சாப்பாட்டுக்குத்தான் மறுபடி பார்க்க முடியும்.

ஆல்டாவில் காட்சி வேறு. அங்கே இரண்டு அடிவாரங்கள். ஒன்று வைல்ட்கேட், மற்றது ஆல்பியன். ஆல்பியனிலிருந்து ஏறும் சன்னிசைடு லிஃப்ட் அகலமான, நீளமான, சாய்வு குறைந்த பச்சைத் தடங்களுக்குக் கொண்டுபோய் விடுகிறது. புதியவர் அங்கே அடிவாரத்து வேலிக்குள் சுற்றிச் சுற்றி வர வேண்டியதில்லை; மலையின் நடுவுக்கே போய், சுற்றிலும் சிகரங்களைப் பார்த்தபடி மரங்களுக்கிடையே இறங்கி வரலாம். அதே அடிவாரத்தின் வழியாகத்தான் தேர்ந்தவர்கள் ஷுகர்லோஃப், சுப்ரீம் லிஃப்ட்களிலிருந்து இறங்கி வருவதும். நாள் முழுக்க ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டுக்கொண்டே இருக்கலாம். இரண்டு அடிவாரங்களையும் இணைப்பது ஒரு நீளமான கயிறு. சமதளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டால் அது ஆளை இழுத்துக்கொண்டு போகும். கையுறைக்குள் கயிறு வழுக்கும், புதியவர் தடுமாறுவார், பின்னால் வருகிறவர் பொறுத்திருப்பார். பெரிய முதலீட்டுப் பளபளப்பு இல்லாத ஏற்பாடு. ஆனால் பத்து வயதுப் பெண்ணும் அறுபது வயதுத் தாத்தாவும் ஒரே கயிற்றில் போகிற ஏற்பாடு.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. ஒரு புதியவருக்காக நான்கு தேர்ந்தவர்கள் தங்கள் விடுமுறையைக் குறுக்கிக்கொள்ள வேண்டுமா என்று கேட்பார்கள். ஆல்டா தேர்ந்தவருக்குச் சின்ன மலை என்றால் அந்தக் கேள்வி நியாயம். உண்மை அப்படி இல்லை. ஆல்ஃப் எங்கன் பெயரைத் தாங்கிய ஹை ரஸ்ட்லர் சரிவு லாட்ஜுகளின் ஜன்னலுக்கு நேரே சுவர் மாதிரி நிற்கிறது. அதன் தலைக்குப் போக வேண்டுமென்றால் காலின்ஸ் லிஃப்டின் மேலிருந்து ஹை டிராவர்ஸ் என்ற ஒற்றையடிப் பாதையில் மலையின் விலாவைக் குறுக்காகக் கடக்க வேண்டும். மேடும் குழியும், அங்கங்கே தலைநீட்டும் பாறையும், முன்னும் பின்னும் ஆட்கள். நடுவில் நிற்கவும் முடியாது. சில இடங்களில் பக்கவாட்டில் படியேறுவதுபோல் ஏற வேண்டும். ஆல்டாவில் நல்ல சரிவுகள் இப்படி உழைத்தவருக்குத்தான் கிடைக்கும். ஸ்னோபேர்டில் அந்த உழைப்பு குறைவு: டிராமை விட்டு இறங்கியதும் செங்குத்து தொடங்கிவிடும், உச்சியிலிருந்து ரிசார்ட்டின் மிகத் தாழ்ந்த புள்ளி வரை 3,240 அடி இறக்கம். காலின்ஸ் லிஃப்டில் ஒரு தடவை ஏறினால் ஏறக்குறைய 1,800 அடிதான். வருகிற எல்லோருமே கறுப்புத் தடத்தில் கண்ணை மூடிக்கொண்டு இறங்குகிறவர்கள் என்றால், ஸ்னோபேர்டுக்கே போங்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கலப்புக் குழுவென்றால் கணக்கு மாறுகிறது. தேர்ந்தவருக்கு இரண்டு மலையிலும் ஒரு வாரத்துக்குக் குறையாத வேலை இருக்கிறது. புதியவருக்கு ஒரு மலையில்தான் இருக்கிறது. இழப்பு எந்தப் பக்கம் பெரிது என்பது தெளிவாகத் தெரிகிறதல்லவா?

இரண்டாவது மறுப்புக்கு வாதத்தால் பதில் சொல்ல முடியாது, அது விதி. ஒற்றைப் பலகையில் சறுக்கும் ஸ்னோபோர்டுக்கு ஆல்டாவில் அனுமதி இல்லை. அமெரிக்காவில் இப்படித் தடை வைத்திருக்கும் மூன்று ரிசார்ட்டுகளில் அது ஒன்று; மற்ற இரண்டும் அதே யூட்டாவின் டியர் வேலியும் வெர்மான்ட்டின் மேட் ரிவர் க்ளென்னும். ஆல்டாவின் பெரும்பகுதி வனத்துறையின் பொது நிலம் என்பதால், 2014-ல் ஸ்னோபோர்டுக்காரர்கள் சமத்துவ உரிமையைக் காட்டி வழக்குப் போட்டார்கள். தடை தனியார் நிறுவனத்தின் முடிவே, அரசின் செயல் இல்லை என்று சொல்லி 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் கோரிக்கையை ஏற்க மறுத்துவிட்டது. சட்டம் அப்படிச் சொன்னாலும், மக்கள் நிலத்தில் ஒரு பலகையா இரண்டு பலகையா என்று பார்த்து ஆட்களைத் திருப்பி அனுப்புவதை என் மனம் ஒப்பவில்லை. அந்தக் குறுக்குப் பாதைகளில் ஸ்னோபோர்டு ஓட்டுவது சிரமம், சறுக்குகிறவர்களுக்கு இடைஞ்சல் என்று சொல்லப்படும் காரணத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. அதற்கு எச்சரிக்கைப் பலகை போதும். ஆனால் பயணம் திட்டமிடுகிறவர் விதியை மாற்ற முடியாது. இளைஞர்களில் பலர் ஸ்னோபோர்டையே விரும்புகிறார்கள். குழுவில் ஒருவர் அப்படி இருந்தாலும் விஷயம் முடிந்தது: ஸ்னோபேர்டில் தங்குங்கள். இதை முன்பதிவுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், டிக்கெட் ஜன்னலில் தெரிந்துகொள்வது விடுமுறையையே கெடுத்துவிடும்.

மூன்றாவது மறுப்பு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் இருக்கும்போது எதற்கு இந்தத் தேர்வு என்பது. 2001-02 பருவத்திலிருந்து கூட்டு டிக்கெட் உண்டு. ஹிடன் பீக்கின் பின்புறத்தில் இருக்கும் மினரல் பேசின் வழியாக ஆல்டாவின் ஷுகர்லோஃப் பக்கத்துக்கு மலைமுகட்டைத் தாண்டி வரலாம், போகலாம். பல ரிசார்ட்டுகளுக்குப் பொதுவான ஐகான் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இரண்டும் ஒரே இடமாகத்தான் கணக்கு. நாட்களை இரண்டுக்கும் சேர்த்தே எண்ணுவார்கள். காகிதத்தில் பார்த்தால் 5,000 ஏக்கர் கைக்குள் வந்துவிட்டது போலிருக்கும். நான்கு நாள் பயணத்தில் அது யாருக்கும் தேவைப்படுவதில்லை. காற்று பலமாக அடித்தாலோ பனிச்சரிவு அபாயம் இருந்தாலோ அந்த முகட்டு வாசல் மூடிவிடும். திறந்திருந்தாலும் மாலையில் அது அடைபடுவதற்குள் திரும்பியாக வேண்டும். தவறினால் சாலைக்கு இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். புதியவரால் அந்த வழியே போக முடியாது என்பதால், கூட்டு டிக்கெட் குழுவை மறுபடியும் இரண்டாகப் பிரித்துவிடுகிறது. தேர்ந்தவர்கள் ஒரு வெயில் நாளில், ஒரே ஒரு நாளுக்கு, கூடுதல் பணம் கொடுத்துப் போய்வரட்டும். வாரம் முழுக்க வாங்கி வைப்பது பணத்தைப் பனியில் கொட்டுவதுதான்.

எங்கே சறுக்குவது என்பதைவிட எங்கே தூங்குவது என்பதற்கு அதிக எடை கொடுக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் அந்தச் சாலை. மாநிலச் சாலை 210-ஐ 64 பனிச்சரிவுத் தடங்கள் தொடுகின்றன. பெரும்பனி விழுந்த இரவுக்குப் பிறகு, சரிவுகளைச் செயற்கையாக இறக்கி முடிக்கும்வரை சாலையை மூடிவிடுவார்கள். பல பத்தாண்டுகளாக இதற்கு ராணுவப் பீரங்கிகளைப் பயன்படுத்தினார்கள். இப்போது தொலைவிலிருந்து இயக்கும் கருவிகள் அந்த இடத்தைப் பிடித்துவருகின்றன. அமெரிக்காவில் பனிச்சரிவைப் பற்றிய ஆய்வு வேர்விட்ட இடங்களில் ஆல்டா முக்கியமானது என்பதும் இதனால்தான். நகரத்து ஓட்டல்கள் விலை மலிவு, விதவிதமான சாப்பாடு கிடைக்கும், அங்கே தங்கித் தினமும் போய்வரலாம் என்பவர்களின் கணக்கு வெயில் நாளுக்குச் சரி. எந்த நாளுக்காக ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்தோமோ அந்த நாளில்தான் அது தோற்கும். புதுப்பனி விழுந்த காலையில் நகரத்தில் இருப்பவர்கள் பள்ளத்தாக்கின் வாயில் கார் வரிசையில் நிற்பார்கள். மேலே தூங்கியவர்கள், லிஃப்ட் ஓடினால், ஆளில்லாத மலையில் முதல் கோடு போடுவார்கள். மேலே தங்குவதிலும் ஒரு நிபந்தனை உண்டு. அபாயம் மிகும்போது இன்டர்லாட்ஜ் என்ற உத்தரவு வரும்; கட்டடத்தை விட்டு வெளியே கால் வைக்கக்கூடாது, வைத்தால் குற்றம். 2021 பிப்ரவரியில் ஆல்டாவில் அது சுமார் 60 மணி நேரம் நீடித்தது. குழந்தைகளோடு போகிறவர்கள் சீட்டுக்கட்டும் கதைப் புத்தகமும் எடுத்துக்கொள்வது நல்லது. இந்தச் சாலைத் தொல்லைக்குத் தீர்வாக 8 மைல் நீளத்துக்குக் கொண்டோலா போடலாம் என்று 2023-ல் மாநிலப் போக்குவரத்துத் துறை முடிவெடுத்தது. எதிர்ப்பும் வழக்குகளும் தொடர்கின்றன. வருகிற விடுமுறைக்கு அதை நம்ப முடியாது.

உயரத்தையும் மனதில் வைக்க வேண்டும். ஆல்டாவின் அடிவாரமே 8,530 அடி; நம் தொட்டபெட்டாவின் உச்சி 8,652 அடி. தொட்டபெட்டா உச்சியில் படுக்கையைப் போட்டுத் தூங்கி, காலையில் அங்கிருந்து மேலே ஏறுவதற்குச் சமம். கடல்மட்டத்து ஊரிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு முதல் இரவில் தலைவலியும் தூக்கமின்மையும் வருவது சகஜம். வயதானவர்களோ நுரையீரல், இதயத் தொல்லை உள்ளவர்களோ உடன் வந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். முதல் இரவை 4,200 அடியில் இருக்கும் நகரத்தில் கழித்துவிட்டு மேலே போவது உடம்புக்கு இதம். ஸ்னோபேர்டின் தங்குமிடங்கள் சில நூறு அடி கீழே இருக்கின்றன. அந்த வித்தியாசத்தால் பெரிய பலன் எதுவும் இருக்காது. சாப்பாட்டில்தான் ஸ்னோபேர்டுக்கு ஒரு நியாயமான மதிப்பெண் கொடுக்க வேண்டும். ஆல்டாவின் பழைய லாட்ஜுகள் பலவற்றில் காலை உணவும் இரவு உணவும் வாடகையிலேயே அடக்கம். பொது மேசையில் அறிமுகமில்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் இனிமையானது. ஆனால் சைவர்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், தினமும் அவர்கள் சமைப்பதைத்தான் சாப்பிட வேண்டும். மூன்றாம் நாள் ரசம் சோறு கேட்கிற நாக்குகளுக்கு, ஸ்னோபேர்டில் சமையலறையோடு கிடைக்கும் குடியிருப்புகள் வசதி. ஆல்டாவிலும் அப்படிச் சில உண்டு, சீக்கிரம் தீர்ந்துவிடும். குடும்பமாகப் போகிறவர்கள் முதலில் தேட வேண்டியது அவற்றைத்தான்.

நான் சொன்ன விடை டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை பொருந்தும். ஏப்ரல் பிற்பகுதியில் ஆல்டா மூடும். ஸ்னோபேர்டு மே மாதத்திலும் ஓடும், பனி மிகுந்த சில ஆண்டுகளில் ஜூலை 4 வரைகூட ஓடியிருக்கிறது. வசந்த காலத்தில் வருகிறவர்கள் ஸ்னோபேர்டையே பார்க்கலாம்: காலையில் வெயில் படும் மினரல் பேசின், மதியத்துக்குப் பிறகு பனி இன்னும் இளகாத வடக்குச் சரிவுகள் என்று சூரியனோடு சேர்ந்து இடம் மாறலாம். நடுக்குளிர்காலத்தில் கலப்புக் குழுவாக வருகிறவர்கள் ஆல்டாவில் ஆல்பியன் பக்கமோ வைல்ட்கேட் பக்கமோ அறை எடுத்து, வாகனத்தை நகரத்திலேயே விட்டுவிட்டு, வாடகை வேனிலோ பஸ்ஸிலோ ஏறிவிடலாம். மேலே கார் நிறுத்துவதற்குப் பல நாட்களில் முன்பதிவே வேண்டியிருக்கிறது. கடைசி இரவை மட்டும் நகரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும் காலையில் சாலை மூடியிருந்தால், விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது.